வீட்டு முற்றத்தையும் விளையையும் சீராகப் பேணுதல்: குமரி மாவட்டத்தில் புதிதாகக் குடியேறுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஐந்து சென்ட் புரையிடத்தில் (வீட்டுமனையில்) புதிதாக வீடு கட்டியவரானாலும், குடும்பப் பாகமாக ஐம்பது சென்ட் விளையோடு (தோட்டநிலத்தோடு) பழைய வீட்டைப் பெற்றவரானாலும், கன்னியாகுமரி மாவட்டத்தில் முதல் ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய ஒரே குறையைச் சொல்கிறார்கள். நாள்தோறும் பெருக்கியும் முற்றம் துப்புரவாக நிற்பதில்லை என்பதே அது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் இம்மாவட்டத்தை நனைக்கின்றன. சித்திரையிலும் வைகாசியிலும் இடியோடு வரும் கோடைமழை வேறு. இந்த ஈரத்தில் களை ஓயாமல் முளைக்கிறது, தென்னையும் பலாவும் மாவும் ஓயாமல் ஓலையையும் இலையையும் உதிர்க்கின்றன, சரிந்த நிலத்திலிருந்து மண் ஓயாமல் கரைந்து இறங்குகிறது. ஆகவே இங்கே முற்றத்தின் அழகு வாரியலைவிட (துடைப்பத்தைவிட) இரண்டு முடிவுகளையே அதிகம் சார்ந்திருக்கிறது: மழைநீர் எந்த வழியாகப் போக வேண்டும், உதிரும் சவறு (இலைதழைக் குப்பை) எங்கே போய்ச் சேர வேண்டும். இவ்விரண்டையும் முதலில் தீர்மானித்துவிட்டவருக்கு மிச்ச வேலை நாளுக்கு அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். கீழே சொல்லப்படும் படிகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன. வரிசை மாறினால் செய்த வேலையையே மறுபடியும் செய்ய நேரும் என்பதால், பூச்செடி வாங்குவதை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதற்படி: மண்ணையும் சரிவையும் அறிதல்

மாவட்டம் சிறியதுதான். ஆனாலும் மார்த்தாண்டத்தில் சரியாக அமைந்த ஏற்பாடு ஆரல்வாய்மொழியில் பொருந்தாது. விளவங்கோடு, கிள்ளியூர், திருவட்டாறு, கல்குளம் வட்டங்களின் மேட்டு விளைகளில் செம்மண்ணும் வெட்டுக்கல் மண்ணும் மிகுதி. மழையில் வழுக்கும் இந்த மண் வெயிலில் கல்லாக இறுகும், சரிவு இருந்தால் மேல்மண் விரைவில் அரித்துப்போகும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில் மழை குறைவு, காற்று அதிகம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணமான அதே காற்றுதான் அங்குள்ள வீட்டு வாழைகளையும் சாய்க்கிறது. குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் மணல். ஊற்றிய நீர் நிற்காது, உப்புக்காற்று இளந்தளிரைக் கருக்கும். இவை தவிர, வயலை நிரப்பி எடுத்த மனைகள் இப்போது எல்லாப் பகுதியிலும் உள்ளன. மேலே செம்மண் தெரிந்தாலும் கீழே களிமண் இருப்பதால், இத்தகைய மனைகளில்தான் நீர் தேங்கும் தொல்லை மிகக் கடுமையாக இருக்கும்.

உங்கள் மண் எப்படிப்பட்டது என்பதை அறிய ஓர் எளிய சோதனை போதும். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் ஒரு குழி எடுத்து, அதை நீரால் நிரப்பி வற்ற விட்டு, மீண்டும் ஒருமுறை நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீர் சில மணி நேரத்தில் வற்றினால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் நீர் நின்றால், அந்த இடத்தில் வடிகால் இல்லாமல் எதைச் செய்தாலும் நிலைக்காது. நிமிடக் கணக்கில் வற்றிவிட்டால் அது மணல் நிலம். அதற்கு மட்கிய எருவும் சாணமும் குளத்து வண்டலும் தொடர்ந்து சேர்த்து வர வேண்டும்.

இரண்டாம் படி: மழைநீரின் வழியை வகுத்தல்

நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். கூரை விளிம்புக்கு நேர்கீழே மண்ணில் வரிசையாகச் சிறு குழிகள் விழுந்திருக்கும். அங்கிருந்து தெறித்த செம்மண் வெள்ளைச் சுவரில் இரண்டு சாண் உயரத்துக்குப் படிந்திருக்கும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால், மாவிலைகளும் பூவிதழ்களும் ஒரே திசையில் கோடு போட்டது போல ஒதுங்கிக் கிடக்கும். அந்தக் கோடுதான் நீர் தானாகவே தேர்ந்துகொண்ட பாதை. அதன் இருபுறமும் குச்சி நட்டு அடையாளம் செய்துகொள்ளுங்கள். மழை விட்டபின் எவ்வளவு யோசித்தாலும் அந்த வழி நினைவில் சரியாக வராது. வாய்க்காலை அந்த வழியிலேயே வெட்டுவது நல்லது. நீரின் போக்கை எதிர்த்து வெட்டிய வாய்க்கால் அடுத்த பெருமழையில் உடைந்துவிடும்.

எவ்வளவு நீரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் நீர் இறங்குகிறது. ஓரிரவில் பத்து சென்டிமீட்டர் பெய்துவிட்டால் அது ஒன்பதாயிரம் லிட்டரைத் தாண்டும். இந்த அளவு நீரை முற்றத்தின் மேல் அப்படியே விழவிட்டால் எந்தத் தரையும் தாங்காது. ஆகவே கூரை விளிம்பில் நீர்த்தாரை பொருத்தி, குழாய் வழியாக இறக்கி, மழைநீர்க் குழிக்கோ வடிகட்டிய பின் கிணற்றுக்கோ கொண்டுசேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம்; பல வீடுகளில் குழாய் மட்டும் இருந்து, அது இறங்கும் குழி மண் மூடிக் கிடக்கிறது. மூன்றடிச் சதுரத்தில் நான்கைந்து அடி ஆழமுள்ள குழியை உடைகல், ஜல்லி, மணல் என்று அடுக்கி நிரப்பி, அடித்தளத்திலிருந்து பத்தடியாவது தள்ளி அமைத்துக்கொள்ளுங்கள். மேலடுக்கு மணலில் ஆண்டுக்கொரு முறை சேறு படியும். அதை வழித்தெடுத்துவிட்டுப் புதுமணல் போட்டால் குழி மீண்டும் நீரை உறிஞ்சும்.

வீட்டைச் சுற்றிய தரை, சுவரிலிருந்து வெளிப்புறமாகச் சரிய வேண்டும். பத்தடி தூரத்துக்கு இரண்டரை அங்குலச் சரிவு இருந்தால் நீர் நிற்காமல் போகும், மண்ணையும் அரிக்காது. மேட்டு விளையில் வீடு இருந்தால், மேல்பக்கத்து நீர் வீட்டை நோக்கி வராதபடி குறுக்கே ஒரு தடுப்பு வாய்க்கால் வெட்டிப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். கையாலை (மண்சரிவைத் தாங்கும் கற்சுவர்) கட்டும்போது அடியில் ஆங்காங்கே நீர்த்துளை விட மறக்காதீர்கள். கையாலைகள் பெரும்பாலும் இடிவது கல்லின் பலவீனத்தால் அன்று; பின்னால் தேங்கிய நீர் தள்ளுவதால்தான். உங்கள் நீர் பக்கத்து வீட்டு மதிலடியில் போய் முடியவும் கூடாது. இம்மாவட்டத்தில் அண்டை வீட்டாருக்கிடையே எழும் வழக்குகளில் ஓடைத் தண்ணீர் வழக்குகள் நெடுநாள் நீளக்கூடியவை. வாய்க்காலைத் திறப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

இந்த இடத்தில் முற்றம் முழுவதும் கல் பதிக்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேறு இல்லை, களை இல்லை என்று நினைத்து இன்டர்லாக் கற்களை மதிலிலிருந்து மதில்வரை பரப்புகிறார்கள். நண்பகலில் அந்தத் தரை கொதிக்கிறது. மழைநீர் உள்ளே இறங்க வழியில்லாமல் சாலைக்கு ஓடுகிறது. மூன்று நான்கு ஆண்டுகளில் கல்லிடுக்குகளில் பாசியும் புல்லும் பிடித்து, மண்தரையில் களை எடுப்பதைவிட அதிக வேலை வைக்கிறது. வாகனம் நிற்கும் இடம், வாசலிலிருந்து படிவரை ஒரு நடைபாதை, துவைக்கல்லைச் சுற்றிய பகுதி ஆகிய மூன்றோடு கற்பதிப்பை நிறுத்திக்கொள்ளுமாறு உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே பதித்துவிட்டவர்கள் மதிலோரமாக இரண்டடி அகலத்துக்குக் கற்களைப் பெயர்த்தெடுத்து மண்ணைத் திறந்துவிட்டால் பெருமளவு நீர் அங்கேயே இறங்கிவிடும்.

மூன்றாம் படி: நிலத்தை மூன்றாகப் பிரித்தல்

முழுப் புரையிடத்தையும் ஒரே அளவு சுத்தமாக வைக்க முயல்வதால்தான் பலர் சில மாதங்களில் சலித்துப்போகிறார்கள். வீட்டைச் சுற்றி எட்டு முதல் பத்தடி வரையுள்ள பகுதியைப் பெருக்கும் முற்றமாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எதையும் குவிக்கக் கூடாது. சுவரை ஒட்டிச் செடியோ விறகோ மண்மேடோ இருக்கக் கூடாது. சுவரோரம் இரண்டடி வெறுந்தரையாக இருந்தால்தான் கறையான் புற்று ஏறுவது கண்ணில் படும்.

அதற்கு அப்பால் இருப்பது பயிரிடும் பகுதி. வாழை, மரச்சீனி (மரவள்ளி), சேம்பு, முருங்கை, கறிவேப்பிலை, பூச்செடிகள், தென்னையின் தடங்கள் எல்லாம் இதில் அடங்கும். இதைப் பெருக்க வேண்டாம். களையெடுத்து, சருகோ ஓலையோ கொண்டு மண்ணின் மேல் மூடாக்குப் போட்டு வைத்தால் போதும். அதற்கும் பின்னால், பலாவும் மாவும் பலாவின் இனமான அயனியும் அவற்றின் மேல் ஏறிய நல்லமிளகுக் கொடியும் உள்ள பகுதியில் சருகு விழுந்த இடத்திலேயே மட்கட்டும். விளை முழுவதையும் வாரியலால் சீவி எடுக்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. பெருக்கிய கோடுகளோடு விடியற்காலையில் தெரியும் முற்றத்தின் அழகை நானும் விரும்புகிறேன். ஆனால் மரங்களின் கீழும் அதையே செய்தால் மேல்மண் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், பலாவின் வேர்கள் தரைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். நிலம் ஐந்து சென்டுக்குள் இருந்தால் மூன்றாம் பகுதிக்கு இடம் இருக்காது. அப்போது மதிலின் ஒரு மூலையில் உரக்குழியை மட்டும் வைத்துக்கொண்டு முதல் இரண்டு பகுதிகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பகுதிகளுக்கு இடையே எல்லை தெரிய வேண்டும். வெட்டுக்கல் துண்டுகளை வரிசையாகப் புதைத்தோ, செம்பருத்தி அல்லது ஆடாதோடையை அடர்த்தியாக நட்டோ எல்லையிடலாம். குழந்தைகளும் ஆடுமாடுகளும் உள்ள வீட்டில் அரளி வேண்டாம். அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு.

நான்காம் படி: பெருக்குதலும் சவறைச் சேர்த்தலும்

பனி காய்வதற்கு முன், தரையில் சற்றே ஈரம் இருக்கும்போது பெருக்கினால் புழுதி எழாது. ஈர்க்கு வாரியலின் கட்டு தளர்ந்திருந்தால் ஈர்க்குகள் விரிந்து மண்ணைக் கீறும். அடிப்பகுதியைக் கல்லில் தட்டிச் சமன்செய்து, கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். கை உயரத்துக்குக் கம்பு செருகிய வாரியல் முதுகைக் காப்பாற்றும். ஈர்க்கின் நுனி மட்டும் தரையைத் தொடும்படி சரித்துப் பிடித்துப் பெருக்கினால் சருகு நகரும், மண் நகராது. அடைமழைக் காலத்தில் பெருக்குவதை நிறுத்திவிடுங்கள். சொதசொதவென்று இருக்கும் தரையைப் பெருக்கினால் பள்ளம்தான் விழும். அந்நாட்களில் பற்கள் வைத்த வாருகோலால் இலைகளை மேலோட்டமாக வாரி எடுத்தால் போதும்.

வாரிய சவறுக்குத் தீ வைப்பதை அடியோடு விட்டுவிட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மாலைநேரப் புகை அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் போய்ச் சேர்கிறது. அதில் ஒரு நெகிழிப் பை கலந்திருந்தால் அது நச்சுப்புகை. மண்ணுக்குத் திரும்ப வேண்டிய சத்தும் சாம்பலாகி முதல் மழையில் கரைந்துவிடுகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்கள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டிருந்தாலும், பால் உறையும் தின்பண்ட உறையும் முற்றத்துக்கு வரத்தான் செய்கின்றன. அவற்றைத் தனியே ஒரு சாக்கில் சேர்த்து, உள்ளாட்சித் தூய்மைப் பணியாளர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

இனி உரக்குழி. நீளம் ஐந்தடி, அகலம் மூன்றடி, ஆழம் இரண்டடி இருந்தால் நடுத்தரக் குடும்பத்துக்குத் தாங்கும். கிணற்றிலிருந்து இயன்ற அளவு தள்ளியும், கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கமாகவும், மழைநீர் புகாத மேடான ஓரத்தோடும் அமைக்க வேண்டும். அடியில் சிறு குச்சிகளைப் பரப்பி, அதன்மேல் ஒரு சாண் உயரம் காய்ந்த சருகு, அதன்மேல் நான்கு விரல் உயரம் பச்சைக் களையும் சமையலறைக் கழிவும், பிறகு சாணக் கரைசல், மேலே சிறிது மண் என்று அடுக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், நீர் சொட்டக் கூடாது. நாற்றம் அடித்தால் பச்சைப் பொருள் மிகுந்துவிட்டது என்று பொருள்; சருகைக் கூட்டுங்கள். பல வாரங்கள் கழித்தும் அப்படியே கிடந்தால் உலர்ந்துவிட்டது. நீர் தெளித்துக் கிளறுங்கள். பலா, மா இலைகள் தடித்தவை என்பதால் மட்க நாளாகும். வெட்டுக்கத்தியால் இரண்டு மூன்றாகக் கொத்திப் போட்டால் விரைந்து மட்கும். மழைக்காலத்தில் குழியின் மேல் இரண்டு தென்னோலையைக் குறுக்காகப் போட்டு மூடுங்கள்.

குழியை மாதம் ஒருமுறை புரட்டுவது உரத்துக்காக மட்டுமல்ல, தென்னைக்காகவும்தான். தென்னையின் குருத்தைத் தாக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடுவது மட்கும் எருவிலும் இற்றுப்போன தென்னந்தடியிலும். புரட்டும்போது கட்டைவிரல் பருமனில், வெள்ளை உடலும் பழுப்புத் தலையுமாக, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும் புழுக்களைக் காண்பீர்கள். ஒவ்வொன்றையும் பொறுக்கிக் கோழிகளுக்குப் போட்டுவிடுங்கள். அண்டை வீட்டுத் தென்னைகளுக்கும் நீங்கள் செய்யும் உதவி அது. புழு மிகுதியாக இருந்தால், மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சாணத்தை எருக்குழியில் இடலாம். எங்கே கிடைக்கும், எவ்வளவு இட வேண்டும் என்பதைத் திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஐந்தாம் படி: தென்னையையும் வாழையையும் ஒழுங்குபடுத்தல்

நம் முற்றங்களில் கிடக்கும் பொருட்களில் பாதிக்குமேல் தென்னை தருவதுதான்: ஓலை, மட்டை, கொதும்பு (காய்ந்த பாளை), சில்லாட்டை (மட்டையடியின் வலைநார்), குரும்பை, கதம்பல் (தேங்காயின் நார்மட்டை), சிரட்டை. இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் குறித்துவிட்டால் வளாகத்தின் தோற்றம் ஒரே வாரத்தில் மாறிவிடும். கொதும்பையும் உலர்ந்த மட்டையையும் விறகுப்புரைக்கு அனுப்புங்கள். ஓலையைக் கிழித்து ஈர்க்கை வாரியலுக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மூடாக்காக்குங்கள்.

கதம்பலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தென்னையின் அடியைச் சுற்றி ஆறடி ஆரத்தில் தடம் எடுத்து, அதில் கதம்பலைக் கவிழ்த்து அடுக்க வேண்டும். அதாவது முதுகு மேலேயும் குழிந்த பக்கம் மண்ணிலும் இருக்க வேண்டும். அப்படி அடுக்கினால் அடியில் ஈரம் நிற்கும், களை எழாது, கோடையில் ஊற்றும் நீரும் குறையும். மல்லாத்திப் போட்டால் ஒவ்வொரு கதம்பலும் ஒரு சிறு கிண்ணமாகி மழைநீரைப் பிடித்து வைக்கும். அதில் கொசு வளரும். மண்ணுக்குள் குழியெடுத்துப் புதைக்கும்போது மட்டும் குழிந்த பக்கத்தை மேலே வைப்பார்கள், ஏனெனில் அங்கே நீரைத் தாங்கி நிற்பதுதான் அதன் வேலை. தடத்துக்குள் அடுக்கியதை மரத்தின் தடியோடு ஒட்டவிடாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தடியோடு ஒட்ட வெட்டாதீர்கள். அந்தப் பச்சைக் காயத்தின் வாசனையைத் தேடிச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். நான்கடி மட்டையை மரத்திலேயே விட்டு வெட்டினால், புழு தடிக்குள் போய்ச் சேரும் ஆபத்து குறையும். புதிதாக விரிந்த குருத்தோலை விசிறியைக் கத்தரித்தது போல முக்கோண வெட்டுகளோடு தெரிந்தால் காண்டாமிருக வண்டு வந்திருக்கிறது. குருத்தடியிலுள்ள மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பம்பிண்ணாக்கை மணலோடு கலந்து இட்டு வருவது பழகிய முறை. ஓலைகள் தளர்ந்து வளைந்து மஞ்சளானால் அது இம்மாவட்டத்தில் பரவலாக உள்ள வேர்வாடல் நோயாக இருக்கலாம். தாமாக மருந்து வாங்குவதற்கு முன் வேளாண் அலுவலரிடம் காட்டிவிடுங்கள். நடைபாதைக்கோ வாகனம் நிற்கும் இடத்துக்கோ மேலே குலை தொங்கும் மரங்களில், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை தேங்காய் வெட்டுவதோடு காய்ந்த ஓலையையும் குரும்பைக் காம்பையும் நீக்கிவிடச் சொல்லுங்கள்.

வாழை பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மட்டி முதல் செவ்வாழை, ஏத்தன், ரசகதலி வரை எந்த இனமானாலும், தாய்மரத்தோடு ஒன்றிரண்டு கன்றுகளை மட்டும் விட்டு மற்றவற்றைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். குலை வெட்டிய மரத்தைக் கிழங்கோடு பெயர்த்து, துண்டு துண்டாக நறுக்கி வெயிலில் காயவிட்டபின் உரக்குழியில் போடுங்கள்; முழுத்தண்டாக விட்டால் தண்டுத்துளைப்பான் வண்டு அதில் பெருகும்.

ஆறாம் படி: களை

மழை பெய்த மறுநாள், மண் இளகி இருக்கும்போது களை வேரோடு வரும். பூப்பதற்கு முன் பிடுங்கிவிட்டால் அடுத்த பருவத்துக் களை குறையும். தொட்டாற்சுருங்கியைக் கையுறையோடு எடுங்கள். கோரையை மட்டும் பிடுங்கிப் பயனில்லை. அடியிலுள்ள கிழங்கைக் களைக்கொத்தால் தோண்டி எடுத்து வெயிலில் உலர்த்த வேண்டும். கீழாநெல்லி, தும்பை, குப்பைமேனி போன்றவற்றுக்கு ஓர் ஓரத்தில் இடம் விட்டுவைப்பது நல்லது. கிணறு உள்ள புரையிடத்தில் களைக்கொல்லி தெளிக்க வேண்டாம். உப்புத் தூவுவதும் வேண்டாம். அது களையோடு மண்ணையும் கெடுக்கும்.

ஏழாம் படி: வீட்டருகே நிற்கும் மரங்கள்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசிய இரவை இம்மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ரப்பரும் தென்னையும் வாழையும் பலாவும் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன, மின்கம்பிகள் அறுந்து பல நாட்கள் ஊர்கள் இருளில் இருந்தன. மரங்களை வெட்டித் தள்ளுவது இதற்குத் தீர்வாகாது. கிளையின் பாரத்தைக் குறைத்து, வேருக்கு நல்ல மண் தருவதே வழி. இடவப்பாதி மழை எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் வைகாசியிலும், ஐப்பசி மழைக்கு முன் புரட்டாசியிலும் கூரைக்கு மேல் நீளும் கிளைகளைக் கழித்துவிடுங்கள்.

பெரிய கிளையை ஒரே வெட்டில் அறுத்தால் அது பாதியில் முறிந்து, தடியின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். முதலில் தடியிலிருந்து ஓரடி தள்ளிக் கிளையின் அடிப்பக்கத்தில் கால்பங்கு ஆழத்துக்கு அறுங்கள். அடுத்து அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழும். கடைசியில் மிஞ்சிய துண்டை, கிளை தடியோடு சேரும் புடைப்பை விட்டு வெட்டுங்கள். அந்தப் புடைப்புதான் காயத்தை மூடும். வெட்டுவாயில் போர்டோப் பசையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசை) பூசினால் பூஞ்சை ஏறாது. மின்கம்பியைத் தொடும் கிளையை நீங்கள் தொடாதீர்கள். மின்வாரிய அலுவலகத்தில் சொன்னால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வெட்டித்தருவார்கள். புதுத் தென்னங்கன்று வைப்பதானால் சுவரிலிருந்து இருபதடியாவது தள்ளி வையுங்கள்.

எட்டாம் படி: கொசுவும் நத்தையும் பாம்பும்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். ஆகவே வாரம் ஒரு குறிப்பிட்ட நாளில், எடுத்துக்காட்டாக ஞாயிறு காலையில், சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், ரப்பர்ப்பால் எடுக்கும் சிரட்டை, கோழிக்கு நீர் வைக்கும் சட்டி ஆகிய எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டால் அந்தச் சுழற்சி அறுபடும். தொட்டியின் உட்சுவரை வாரியலால் தேய்த்துக் கழுவுங்கள். அந்தக் கொசுவின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருந்து, மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்தாலும் நீர் பட்டவுடன் பொரியும். கிணற்றுக்கு வலை போட்டு, கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன்கள் சிலவற்றை விடலாம்.

மழைக்காலத்தில் பெரிய நத்தைகள் பெருகினால், மாலையில் ஒரு நனைத்த சாக்கை விரித்து அதனடியில் பப்பாளி இலைகளைப் போட்டு வையுங்கள். காலையில் அடியில் ஒதுங்கியிருக்கும் நத்தைகளைக் கையுறையோடு எடுத்து உப்புநீர் வாளியில் போட்டுவிட வேண்டும். வெறுங்கையால் தொடக் கூடாது, குழந்தைகளையும் தொட விடக் கூடாது.

பழைய ஓடு, செங்கல், விறகு ஆகியவற்றைத் தரையோடு குவித்து வைத்தால் எலி வரும். எலியைத் தேடி நல்லபாம்பும் விரியனும் வரும். கல்லோ கம்பியோ கொண்டு ஓரடி உயரத்தில் மேடை அமைத்து, சுவரை விட்டுத் தள்ளி அவற்றை அடுக்குங்கள். பாம்பைக் கண்டால் அடிக்க முயலாமல் எட்டி நின்று கண்காணித்துக்கொண்டே வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவதிலும் நாட்டு வைத்தியத்திலும் நேரம் போக்காமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, நேரே நஞ்சுமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

ஒன்பதாம் படி: ஆண்டு முழுவதற்குமான ஒழுங்கு

மேலே சொன்னவை ஒருமுறை செய்து முடிக்கும் வேலைகள் ஆகமாட்டா. ஆனால் எல்லாவற்றையும் எல்லா மாதமும் செய்ய வேண்டியதும் இல்லை. மழை ஓய்ந்த தை மாதத்தில் நடைபாதையையும் கையாலையையும் வேலியையும் பழுதுபாருங்கள், மண்ணில் ஈரம் இருக்கும்போதே மாசிக்குள் மூடாக்குப் போட்டுவிடுங்கள். பங்குனியிலும் சித்திரையிலும் உரக்குழியைக் காலிசெய்து மட்கிய எருவைச் சலித்து வைத்துக்கொள்ளலாம். வைகாசியில் நீர்த்தாரை, வாய்க்கால், மழைநீர்க் குழி ஆகியவற்றிலுள்ள மண்ணை அகற்றுவது இந்த ஆண்டுப் பட்டியலில் தவறவே கூடாத வேலை. அதை ஆனி பிறந்தபின் மழையில் நனைந்துகொண்டு செய்ய முடியாது. ஆடிக் காற்றுக்கு முன் குலை தள்ளிய வாழைகளுக்கு முட்டுக் கொடுத்துவிட வேண்டும். ஆவணியில் ஓணத்துக்காகப் பலர் வீட்டைச் சுற்றித் துப்புரவு செய்வார்கள்; இரண்டு பருவமழைகளின் உச்சத்துக்கும் நடுவே வரும் அந்த நாட்கள் களையெடுக்கவும் புதுச்செடி நடவும் மிகப் பொருத்தமானவை. புரட்டாசியில் வைகாசி வேலையை அப்படியே ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடிகால் அடைபடாமல் பார்த்துக்கொள்வதும் வாராந்தரக் கொசு ஒழிப்பும் போதும்.

எந்தப் பழமரம், எந்த நறுமணப் பயிர் உங்கள் மண்ணுக்கு ஏற்றது என்ற ஐயம் எழுந்தால் பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம். கருவிகளைப் பொறுத்தவரை மண்வெட்டி, களைக்கொத்து, வெட்டுக்கத்தி, கைரம்பம், வாருகோல், கடவம் (பெரிய ஓலைக்கூடை), இரண்டு வாரியல் ஆகியவை இருந்தால் வேறெதுவும் தேவையில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை தடவி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.